அரிசி வந்தது, அட்டை இல்லை: கொரோனா கால உதவிகள் யாரை எட்டின, யாரைத் தவறவிட்டன?

2020 ஏப்ரல் முதல் வாரத்தில் தமிழ்நாட்டு ரேஷன் கடை வாசல்களில் சுண்ணாம்பால் வட்டங்கள் போட்டிருந்தார்கள். ஒரு வட்டத்துக்கு ஓர் ஆள் என்பது ஏற்பாடு. வெயில் ஏறிய பிறகு பெரும்பாலான வட்டங்களில் நின்றவை செருப்புகளும் கட்டைப் பைகளும்தான். அவற்றுக்கு உரியவர்கள் எதிர் வீட்டுத் திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ ஒதுங்கியிருந்தார்கள். கையில் நாளும் நேரமும் எழுதிய டோக்கன். உள்ளே ரூ.1,000 ரொக்கமும், விலையில்லாமல் அரிசி, துவரம் பருப்பு, சமையல் எண்ணெய், சர்க்கரையும் கிடைத்தன. மார்ச் 24 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்த ரூ.3,280 கோடி நிவாரணத்தின் பெரும்பகுதி இப்படித்தான், ஒவ்வொரு பையாக, ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

அந்த வரிசையில் செருப்பை விட முடியாதவர்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் கொடுக்கும் மனத்துக்குப் பஞ்சம் இருக்கவில்லை; அரிசிக்கும் பெரிய பஞ்சம் இருக்கவில்லை. யாருக்குக் கொடுக்க வேண்டும், அவர் எந்தத் தெருவில் எந்த வீட்டின் பின்கட்டில் இருக்கிறார் என்ற தகவலுக்குத்தான் பெரும் பஞ்சம். அரசின் உதவி ஏற்கெனவே கையில் இருந்த பட்டியல் வழியே விரைந்து போனது. பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் தனிமனிதர்கள், அறக்கட்டளைகள், கட்சிக்காரர்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகியோரின் பொறுப்பில் வந்து விழுந்தார்கள். அந்தப் பொறுப்பை அவர்கள் எப்படிச் சுமந்தார்கள், எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்தால் அன்று நடந்தவற்றில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

முதலில் அரசின் பக்கம். பொது விநியோகத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்து ஒரு சாராருக்கு மட்டும் உணவுப் பொருள் தரும் முறை இங்கே இல்லை. அரிசி அட்டை வைத்திருக்கும் எவரும் கடைக்குப் போகலாம். அந்த அரிசியும் 2011 ஜூன் முதல் விலையில்லாமல் வழங்கப்படுகிறது. மாநிலத்தில் இருந்த சுமார் 2 கோடி குடும்ப அட்டைகளில் மிகப் பெரும்பாலானவை அரிசி அட்டைகள். ஆகவே ஊரடங்கு வந்தபோது யார் ஏழை என்று கணக்கெடுக்க உட்கார வேண்டிய அவசியம் நேரவில்லை. மத்திய அரசு மார்ச் 26 அன்று அறிவித்த, ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதல் தானியம் தரும் திட்டமும் இதே கடைகள் வழியாகவே வந்தது. பல மாநிலங்களில் ஏழைகள் அட்டையில்லாமல் திண்டாடியதை வைத்துப் பார்த்தால், இந்த ஒரு விஷயத்தில் தமிழ்நாடு முன்னேற்பாடாக இருந்தது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் அட்டை என்பது முகவரியோடு கட்டிப்போட்ட பொருள். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்தில் அட்டையை வைத்துவிட்டு, சென்னையின் புறநகரில் ஒற்றை அறையில் வாடகைக்குக் குடியிருந்து கட்டட வேலை பார்த்த குடும்பத்துக்கு, பேருந்து நின்றுபோன ஏப்ரலில் அந்த அட்டை வெறும் அட்டைதான். எங்கிருந்தும் பொருள் வாங்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது 2020 அக்டோபரில். அதற்குள் முதல் அலையின் கடுமையான மாதங்கள் கடந்துவிட்டன. மாமியார் அட்டையிலிருந்து பெயர் பிரிக்காத மருமகள், கணவன் விட்டுப்போன பிறகும் அவன் பெயரிலேயே அட்டை கிடக்கும் பெண், வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டதால் எந்த அட்டையிலும் இல்லாத திருநங்கை, இருப்பிடச் சான்றே கிடைக்காத நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர், இருளர் குடும்பங்கள் என்று அட்டைக்கு வெளியே நின்றவர்களின் வரிசை நீளமானது. இவர்களில் சிலரை அரசும் பிறகு கவனித்தது. திருநங்கையர் நல வாரியத்தில் பதிவு பெற்று அட்டை இல்லாமல் இருந்தவர்களுக்கு அரிசியும் பருப்பும் எண்ணெயும் தர உத்தரவு வந்தது. அங்கும் வாரியப் பதிவு என்ற இன்னொரு பட்டியல் குறுக்கே நின்றதைக் கவனிக்க வேண்டும். கட்டடத் தொழிலாளருக்குத் தனியாக அறிவித்த உதவியும் வாரியத்தில் பதிவு செய்தவர்களுக்கே கிடைத்தது. பதிவைப் புதுப்பிக்க மறந்தவர்களும், மேஸ்திரி சொன்ன இடத்துக்கெல்லாம் போய் எங்கேயும் பதியாதவர்களும் அதில் வரவில்லை.

வட மாநிலத் தொழிலாளர்கள் நிலை இன்னும் கடினம். திருப்பூர், கோவை, சென்னைப் புறநகர், திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகள் ஆகிய இடங்களில் இருந்தவர்களை அரசு ‘விருந்தினர் தொழிலாளர்கள்’ என்று மரியாதையாக அழைத்து முகாம்களும் அமைத்தது. எத்தனை பேர், எங்கெங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு ஒப்பந்தக்காரரின் சட்டைப் பையில் இருந்தது. அவரோ தொலைபேசியை எடுக்கவில்லை. நாடு முழுவதும் இப்படிச் சிக்கியவர்களுக்கு உதவிய ‘ஸ்ட்ராண்டட் ஒர்க்கர்ஸ் ஆக்‌ஷன் நெட்வொர்க்’ என்னும் தன்னார்வக் குழு, தன்னைத் தொடர்பு கொண்ட 11,159 தொழிலாளர்களிடம் திரட்டிய தகவலை ஏப்ரல் நடுவில் வெளியிட்டது. அவர்களில் 96 விழுக்காட்டினருக்கு அரசின் உணவுப் பொருள் எதுவும் கிடைத்திருக்கவில்லை. உதவி கேட்டு அழைத்தவர்களின் கணக்கு அது என்பதால் எல்லாத் தொழிலாளருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் மூன்று வார ஊரடங்குக்குப் பிறகு வந்த எண் அது. ரேஷன் அட்டை இல்லாத புலம்பெயர் தொழிலாளருக்கு இரண்டு மாதம் 5 கிலோ தானியம் என்று மத்திய அரசு அறிவித்தது மே 14 அன்று. சொந்த ஊருக்குச் சிறப்பு ரயில்கள் மே 1 முதலே ஓடத் தொடங்கிவிட்டன. பலர் காத்திருக்கவும் இல்லை, நடந்தே கிளம்பினார்கள்.

இந்த இடைவெளிக்குள்தான் ஊர்க்காரர்களின் கை நீண்டது. பஞ்ச காலத்தில் அடுப்பு மூட்டுவது நமக்குப் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் பஞ்சம் வந்தபோது மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். அதை ஒட்டி வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை, வடசென்னையின் பெரியவர்கள் வாயில் இன்றும் அது ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’தான். 1867 மே மாதம் வள்ளலார் வடலூரில் சத்திய தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. 1876-இல் தொடங்கிய தாது வருடப் பஞ்சத்தில் ஊர் ஊராகக் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியத்துக்கும் அதற்கு மேல் சிறு சில்லறைக்கும் ஈடாகக் கூலியைக் குறைத்த அரசின் சிக்கனம் எத்தகைய சாவைக் கொண்டுவந்தது என்பது வரலாற்று மாணவர் அறிந்த செய்தி. இந்த அடுப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பழக்கம் உண்டு: பெரிய பாத்திரத்தில் சமைத்து, எல்லாரையும் ஓரிடத்தில் உட்காரவைத்துப் பரிமாறுவது. இலை விரித்து, வரிசையாக அமர்த்தி, வயிறு நிறைந்ததா என்று முகம் பார்த்துக் கேட்பதுதான் நம் ஊர் அன்னதானம்.

கொரோனா அந்தப் பழக்கத்தின் அடிமடியிலேயே கைவைத்தது. பசித்தவர்கள் கூடக்கூடாது; கூடினால் நோய். பந்தி போட முடியாது. 2002 முதல் கோயில்களில் நடந்துவந்த நண்பகல் அன்னதானம் பொட்டலமாக மாறியது. கல்யாண மண்டபங்கள் கல்யாணம் இல்லாமல் சும்மா கிடந்ததால் அவற்றின் சமையற்கட்டுகளே பொதுச் சமையலறைகளாயின. முகூர்த்தம் போன சமையற்காரர்கள் கூலி குறைத்தும் சிலர் வாங்காமலும் சாம்பார் சாதமும் தக்காளி சாதமும் கிளறினார்கள். மதியம் பதினொன்றரைக்குள் பொட்டலம் கட்டி முடிக்க வேண்டும், ஒரு மணிக்குள் கொடுத்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் தக்காளி சாதம் ஊசிப்போகும். இந்த ஒன்றரை மணி நேரக் கணக்கு தெரியாமல் ஆர்வத்தில் இறங்கிய எத்தனையோ குழுக்கள் முதல் வாரத்தில் சாப்பாட்டைக் கொட்ட நேர்ந்தது.

சென்னையில் இதற்கு ஈடு கொடுத்தவை அம்மா உணவகங்கள். 2013-இல் ஒரு ரூபாய் இட்லி, ஐந்து ரூபாய் சாம்பார் சாதம், மூன்று ரூபாய் தயிர் சாதம் என்று தொடங்கி, மாநகரில் 400 இடங்கள் வரை பரவியிருந்த இந்த உணவகங்கள் அரசின் பணத்தில் மகளிர் குழுவினர் நடத்துபவை. ஊரடங்கில் சில காலம் இங்கே சாப்பாடு இலவசமாகவே வழங்கப்பட்டது. அட்டை கேட்காத, ஆதார் கேட்காத, ஊர் எது என்று கேட்காத ஒரே அரசு உதவி அனேகமாக இதுதான். பசி என்று வந்து நின்றால் போதும். ஒரு வகையில் பழைய கஞ்சித்தொட்டிக்கு மிக அருகில் இருந்த ஏற்பாடு இது என்பதாலேயே பட்டியலின் குறையை இது ஓரளவு அடைத்தது. ஆனால் பெரும்பாலும் நகரத்தோடு நின்றுவிட்டது.

சமைத்த உணவிலிருந்து உதவி விரைவிலேயே மளிகைப் பைக்கு மாறியது. ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு பாக்கெட் எண்ணெய், உப்பு, புளி, மிளகாய்த்தூள், ஒரு சோப்பு என்று கட்டிய பை ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் தாங்கும், தினமும் போய் நிற்க வேண்டாம், தொற்றும் குறையும். நியாயமான கணக்குதான். நானும் அந்த மாதங்களில் எங்கள் பகுதியில் நாலைந்து பேரோடு சேர்ந்து பை கட்டினேன். ஒரு காம்பவுண்டு வீட்டின் கடைசி அறையில் பையை வாங்கிக்கொண்ட அம்மா, “அரிசி ரேஷன்லயும் குடுத்தாங்க தம்பி, சிலிண்டர்தான் தீர்ந்துபோச்சு. இதை எதுல பொங்குறது?” என்று கேட்டார். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். பதில் சொல்ல முடியாமல் நின்றோம். அடுத்த வாரம் அந்தக் காம்பவுண்டுக்கு அரிசிப் பை போகவில்லை. எட்டுக் குடும்பத்துக்குச் சேர்த்து இரண்டு சிலிண்டருக்குப் பணம் போனது.

அந்த அம்மாவின் கேள்விக்குள் பெருந்தொற்று உதவியின் பெரிய சிக்கல் ஒன்று அடங்கியிருந்தது. கொடுப்பவருக்குப் பொருள் பிடிக்கும். வாங்குபவருக்குப் பெரும்பாலும் பணம்தான் தேவைப்படும். பொருளைப் படம் எடுக்கலாம், எண்ணலாம், தவறாகச் செலவாகாது என்று நம்பலாம். பணமோ கொடுத்தவர் கண் முன்னால் கரைந்துவிடும். ஆனால் அரிசி ரேஷனில் கிடைத்துக்கொண்டிருந்த மாநிலத்தில் மக்களை அரித்தவை வேறு: வாடகை, சிலிண்டர், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள், குழந்தைக்குப் பால், நாப்கின், கைப்பேசி ரீசார்ஜ். கடைசியாகச் சொன்னதை ஆடம்பரம் என்று நினைத்த கொடையாளர்கள் உண்டு. பீகாரில் இருக்கும் அம்மாவோடு பேசவும், முகாம் எங்கே என்று கேட்கவும், ரயிலுக்குப் பதிவு செய்யவும் அந்த ரீசார்ஜ்தான் வழி என்பது புரிய நாளானது. தொழிலாளர் கணக்கில் சில நூறு ரூபாய் நேரடியாகப் போட்டு, எதற்கு என்று கேட்காமல் விட்ட குழுக்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டவை. வட மாநிலத்தவருக்கு அரிசிப் பை கொடுத்தபோது அவர்கள் ஆட்டாவும் உருளைக்கிழங்கும் கேட்டதை நன்றி கெட்டதனம் என்று முணுமுணுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்று வேளையும் கோதுமை ரொட்டி மட்டும் கொடுத்தால் நாம் எத்தனை நாள் தாங்குவோம் என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

கடன் என்ற பள்ளம் எந்தப் பையாலும் அடைபடாதது. ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27 அன்று தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க அனுமதித்து, பிறகு அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தள்ளிவைத்த காலத்துக்கும் வட்டி ஓடியது என்பது குழுக் கடன் வாங்கிய பெண்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. கந்து வட்டிக்கு வாங்கியவர்களுக்கு அந்த அறிவிப்பே பொருந்தாது. கிராமங்களில் ஊரடங்கு தளர்ந்ததும் முதலில் வந்து கதவைத் தட்டியவர்கள் தவணை வசூல்காரர்கள்தான் என்று பெண்கள் சொல்வதை இன்றும் கேட்கலாம்.

2020 ஏப்ரல் 12 அன்று தமிழ்நாடு அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது: தனி ஆட்களும் அமைப்புகளும் அரசியல் கட்சிகளும் உணவையோ நிவாரணப் பொருளையோ நேரடியாக மக்களுக்குக் கொடுக்கக்கூடாது; கொடுக்க விரும்புகிறவர்கள் மாவட்ட ஆட்சியரிடமோ மாநகராட்சி ஆணையரிடமோ ஒப்படைக்கட்டும். கூட்டம் கூடுகிறது, நோய் பரவுகிறது என்பது சொல்லப்பட்ட காரணம். அது பொய்யான காரணம் இல்லை. வண்டியை நிறுத்தியதும் நூறு பேர் சூழ்ந்துகொண்ட இடங்கள் இருந்தன. முகக்கவசம் இல்லாமல் கரை வேட்டியோடு நின்று பை கொடுத்து, படமும் எடுத்துக்கொண்ட பிரமுகர்கள் எல்லாக் கட்சியிலும் இருந்தார்கள். ஆனால் உதவியை ஆட்சியர் அலுவலகம் வழியே திருப்பிவிட்டால் அது மறுபடியும் அதே பட்டியலுக்குள் போய் நிற்கும் என்பதை அந்த அறிவிப்பு யோசிக்கவில்லை. தெருமுனையில் இருக்கும் டீக்கடைக்காரருக்குத் தெரிந்த பசி வட்டாட்சியருக்குத் தெரியாது. தெரிந்தாலும் கோப்பு நகர வேண்டும். எதிர்ப்பு எழுந்தது, தி.மு.க. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, சில நாட்களிலேயே நிபந்தனைகளோடு உதவி செய்யலாம் என்ற உத்தரவு வந்தது. அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தகவல், வண்டியில் மிகச் சிலரே, இடைவெளி, முகக்கவசம் என்று நீதிமன்றம் சொன்ன முறையை நல்ல குழுக்கள் ஏற்கெனவே கடைப்பிடித்துக்கொண்டிருந்தன.

நல்ல குழு என்றால் என்ன? நான் பார்த்தவரை, ஊரடங்குக்கு முன்பே அந்த மக்களோடு வேறு ஏதோ காரணத்துக்காகப் பழகியிருந்த குழு. கொத்தடிமை மீட்பில் இருளர்களோடு வேலை செய்தவர்கள், மாலை நேர வகுப்பு எடுத்தவர்கள், எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காகத் திருநங்கையர் வீடுகளுக்குப் போய்வந்தவர்கள், வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கத்தை நடத்தியவர்கள் ஆகியோரிடம் பெயர்கள் எழுதிய பழைய நோட்டுப் புத்தகங்களும் வாட்ஸ்அப் குழுக்களும் இருந்தன. எந்தக் குடிசையில் கைக்குழந்தை, எந்த வீட்டில் காசநோய் மாத்திரை, யார் கேட்கவே கூச்சப்படுவார் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. புதிதாகப் பணத்தோடு வந்தவர்கள் இவர்களைத் தேடிப்பிடித்த இடங்களில் உதவி சரியாகப் போய்ச் சேர்ந்தது. தேடாத இடங்களில், முதன்மைச் சாலைக்குப் பக்கத்தில் இருந்த குடியிருப்புக்கு ஆறு முறை பை போனது, ஏரிக்கரைக்கு அந்தப்புறம் இருந்த முப்பது குடும்பங்களுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

கேட்கக் கூச்சப்பட்டவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பங்குனி முதல் ஆடி வரை ஊர்த் திருவிழாக்களை நம்பி வாழும் நாதசுரம், தவில், கரகாட்டம், தெருக்கூத்துக் கலைஞர்களுக்கு 2020-இல் ஆண்டு வருமானமே போயிற்று. 2021-இலும் ஏப்ரலில் திருவிழாக்களுக்குத் தடை, மே மாதத்தில் மறுபடி ஊரடங்கு. கூத்தாண்டவர் திருவிழா இரண்டு ஆண்டும் நடக்காததால் கூவாகத்தைச் சுற்றி நடந்த பிழைப்புகளும் நின்றன. அட்டை வைத்திருந்த கலைஞர்களுக்கு அரிசி கிடைத்தது. ஆனால் மேடையில் சால்வை வாங்கியவர் வரிசையில் பை வாங்க நிற்பதில்லை. சுமனசா அறக்கட்டளை கலைஞர்களுக்கெனத் தனி நிதி திரட்டி வங்கிக் கணக்கில் பணம் போட்டது இந்தக் கூச்சத்தை மதித்த வழி. கோயில்களில் மாதச் சம்பளம் இல்லாமல் தட்டுக் காசை நம்பியிருந்த அர்ச்சகர், பூசாரி, பணியாளர்களுக்கு ரூ.4,000-உம் மளிகையும் தர அரசு உத்தரவிட்டது 2021 ஜூனில்தான். திரைப்படத் தொழிலாளர்களுக்காக அவர்களது சங்கங்களின் கூட்டமைப்பான பெப்சியின் தலைமை கை நீட்டியபோது முன்னணி நடிகர்கள் கொடுத்தார்கள், ரஜினிகாந்த் ரூ.50 லட்சம் தந்தார். அங்கே ஒரு சங்கமும் உறுப்பினர் பட்டியலும் இருந்தன என்பதையும் மறக்கக்கூடாது. தெருக்கூத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

இனி பணம் எங்கிருந்து வந்து எங்கே போனது என்ற கேள்வி. பெருநிறுவனங்களின் கொடை மிகப் பெரியது: டாடா குழுமமும் அதன் அறக்கட்டளைகளும் சேர்ந்து ரூ.1,500 கோடி, விப்ரோவும் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளையும் சேர்ந்து ரூ.1,125 கோடி என 2020 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் அறிவிப்புகள் வந்தன. இவற்றைத் தவிர, நிறுவனங்கள் தம் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்ற சட்டக் கடமை இருக்கிறது. அந்தப் பணத்தைப் பிரதமரின் பி.எம். கேர்ஸ் நிதிக்குத் தந்தால் கடமையில் கழித்துக்கொள்ளலாம், முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்குத் தந்தால் கழிக்க முடியாது என்று மத்திய நிறுவன விவகாரங்கள் அமைச்சகம் 2020 ஏப்ரல் 10 அன்று விளக்கம் தந்தது. மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குத் தரலாம் என்ற சந்து இருந்தாலும், ஒரு நிறுவனத்தின் கணக்குத் துறை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரகடத்தில் ஆலை நடத்தும் நிறுவனத்தின் பணம் டெல்லிக்குப் போய், ஆலைக்குப் பின்னால் வேலையிழந்து கிடந்த ஒப்பந்தத் தொழிலாளியைத் தேடித் திரும்பி வர வேண்டிய நிலை. நிதி குவிவது ஓரிடம், பசி பரவுவது ஓராயிரம் இடம்.

இதைவிடக் கடுமையான அடி 2020 செப்டம்பரில் விழுந்தது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தின்படி, வெளிநாட்டுப் பணம் பெறும் ஓர் அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்க முடியாது. அதுவரை நடைமுறை என்னவென்றால், கணக்கு வழக்குப் பார்க்க ஆள் வைத்திருக்கும் பெரிய அமைப்பு பணத்தை வாங்கும். அதே சட்டத்தில் பதிவு செய்த, மூன்று பேர் நான்கு பேர் மட்டும் வேலை செய்யும் மாவட்டத்துச் சிறு அமைப்புகளுக்குப் பிரித்துத் தரும். அவர்கள் ஏரிக்கரைக்கு அந்தப்புறம் போவார்கள். அந்தக் கண்ணி அறுந்தது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. வெளிநாட்டுப் பணத்தை முதலில் பெறும் கணக்கை டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் ஒரு குறிப்பிட்ட கிளையில்தான் தொடங்க வேண்டும் என்றும் ஆனது. வெளிநாட்டுப் பணம் முறையாகச் செலவாக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. ஆனால் பெயர் எழுதிய நோட்டுப் புத்தகம் வைத்திருந்தவனையும் பணம் வைத்திருந்தவனையும் பிரித்துவிட்டு இரண்டாம் அலைக்குள் நுழைந்தோம் என்பதுதான் நடந்தது.

2021 மே மாதத்தில் தேவையே மாறிப்போனது. முதல் அலையில் பசி முன்னே நின்றது. இரண்டாம் அலையில் மூச்சு. மே 7 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற மு.க.ஸ்டாலின் கையெழுத்திட்ட முதல் உத்தரவுகளில் ஒன்று அரிசி அட்டைக்கு ரூ.4,000. மே மாதம் ரூ.2,000 வந்தது, ஜூனில் மீதியும் அதோடு 14 மளிகைப் பொருள்களும். முந்தைய ஆண்டின் ஆயிரத்தை நினைத்தால் இது பெரிய மாற்றம். மக்களுக்கு வேண்டியது பணம் என்பதை அரசு ஒப்புக்கொண்டதன் அடையாளம் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மறுபுறம் தன்னார்வக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் அரிசிப் பை மறைந்து ஆக்சிஜன் படுக்கையும் சிலிண்டரும் வந்தன. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்கள், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டிகளை வாங்கி அனுப்பினார்கள். இலவசமாகத் தருவதற்கென்று இறக்குமதியாகும் நிவாரணப் பொருள்களுக்கு மே தொடக்கத்தில் வரிவிலக்கும் கிடைத்தது. நிமிடத்துக்கு 5 லிட்டர், 10 லிட்டர் தரும் அந்தக் கருவி மின்சாரம் இருந்தால்தான் ஓடும். மிகவும் மோசமான நோயாளியை அது காப்பாற்றாது. வடிகட்டியைச் சுத்தம் செய்ய யாராவது வேண்டும். அரிசியைக் கொடுத்தவன் கொடுத்துவிட்டுப் போகலாம். கருவியைக் கொடுத்தவன் ஒரு செவிலியரையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்துக் கொடுத்த ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவை உயிர் காத்தன. யோசிக்காமல் இறக்கிய இடங்களில் ஜூலைக்குப் பிறகு அட்டைப்பெட்டியைப் பிரிக்காமலே அலமாரி மேல் ஏறின.

சாவுக்குப் பிந்தைய உதவியிலும் பட்டியல் மறுபடி தலைகாட்டியது. பெற்றோர் இருவரையும் கொரோனாவுக்கு இழந்த குழந்தையின் பெயரில் ரூ.5 லட்சம் வைப்புத் தொகை, ஒருவரை இழந்த குழந்தைக்கு ரூ.3 லட்சம் என்று தமிழ்நாடு அரசு 2021 மே இறுதியில் அறிவித்தது. கொரோனாவால் இறந்தவரின் குடும்பத்துக்கு ரூ.50,000 என்பது உச்ச நீதிமன்றத்தின் ஜூன் 30 தீர்ப்பைத் தொடர்ந்து செப்டம்பரில் முடிவானது. ஆனால் ஏராளமான இறப்புச் சான்றிதழ்களில் நுரையீரல் அழற்சி, மாரடைப்பு என்றுதான் எழுதியிருந்தது. சான்றிதழில் கொரோனா என்று இல்லை என்பதற்காகவே மறுக்கக்கூடாது, தொற்று உறுதியான 30 நாளுக்குள் நேர்ந்த இறப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று பிறகு தெளிவாக்கப்பட்டது. தெளிவாக்கிய பிறகும், தொற்று உறுதியானதற்கு ஏதாவது ஒரு தாள் வேண்டும்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் குழுவில் எஞ்சியிருந்த மூன்று பேரும் அரிசி கட்டவில்லை. வாரம் இரண்டு நாள் இ-சேவை மையத்துக்கு வெளியே, பெஞ்சில், விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்தோம். பலருக்குப் பரிசோதனை முடிவு குறுஞ்செய்தியாக மட்டும் வந்திருந்தது. கணவரின் கைப்பேசியை ஒரு பெண் மஞ்சள் பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஐந்து மாதமாகச் சார்ஜ் போடாதது. பக்கத்துக் கடையில் செருகி அரை மணி நேரம் காத்திருந்தோம். திறந்ததும் பூட்டுக்கு என்ன எண் என்று கேட்டோம். மகளின் பிறந்த தேதியாக இருக்கும் என்றார். அதுதான் இருந்தது.